கையில் ஓர் உடைந்த பானை ஓடு: சின்னப் பிள்ளைகளுக்குப் பழங்காலக் கிரேக்கர்களைக் கற்பிக்க ஒரு வழி

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள், கையில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர், அடுத்த ஆறு வாரத்துக்கான தலைப்பு "பழங்காலக் கிரேக்கர்கள்" என்று அட்டவணையில் இருக்கிறது. ஏழு முதல் பதினொரு வயதுக்குள் இந்தத் தலைப்பைக் கட்டாயம் எடுத்தாக வேண்டும் என்று இங்கே பாடத்திட்டமே சொல்வதால், இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் உங்களிடம் வந்துதான் தீரும். நம்மில் பலர் கிரேக்கம் என்று படித்தது அலெக்சாண்டர் இந்தியாவுக்கு வந்ததும் சாக்ரடீஸ் விஷம் குடித்ததும்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், அதனால் முதல் தடவை எடுப்பவர்களுக்கு எது உதவும் என்று எனக்குப் பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. எல்லாப் பாடத்தையும் கிரேக்கத்தோடு கட்டிப்போட வேண்டாம். கூட்டல் கணக்குத் தாளின் மூலையில் ஒரு போர்வீரனின் தலைக்கவசப் படத்தை ஒட்டிவிட்டால் அது கிரேக்கக் கணக்காகிவிடாது, பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். கிரேக்கர்கள் உண்மையிலேயே செய்த ஒரு வேலை, நீங்கள் அந்த வாரம் எப்படியும் கற்பிக்க வேண்டிய ஒன்றோடு தானாகப் பொருந்துகிற இடங்கள் உண்டு. அவற்றை மட்டும் எடுங்கள். ஆறு வாரத்தில் அப்படிப் பத்து இடம் கிடைத்தாலே தாராளம்.

தொடங்கும் முன்

ஒரு மாலை உட்கார்ந்து எல்லாப் பாடத் திட்டங்களையும் மேசையில் விரித்து வைத்து, பொருந்தும் இடங்களை ஒரு பேனாவால் வட்டமிடுங்கள். உதாரணமாக இயர் 4 (எட்டு, ஒன்பது வயது) வகுப்புக்கு அறிவியலில் ஒலி வருகிறது, கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் எண்களும் ரோமன் எண்களும் வருகின்றன, ஆங்கில எழுத்துக்கூட்டலில் கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களே ஒரு தனிப் பட்டியலாக இருக்கிறது. இயர் 5 என்றால் பகா எண்கள் வரும், அப்போது கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் சல்லடை தயாராக இருக்கிறது: நூறு கட்டத்தில் 1-ஐ நீக்கிவிட்டு மடங்குகளை அடித்துக்கொண்டே போனால் 25 எண்கள் மிஞ்சும். இயர் 3 என்றால் நிழலும் வெளிச்சமும்.

முதல் வாரம்: காலமும் கடலும்

கடவுள்களிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். சீயஸும் மெடுசாவும் முதல் நாளே வந்துவிட்டால் அப்புறம் ஆறு வாரமும் பிள்ளைகளுக்கு எது நடந்தது, எது கதை என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். காலக்கோட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அதையும் சுவரில் ஒட்டும் அட்டையாகச் செய்யாமல் விளையாட்டு மைதானத்தில் சுண்ணக்கட்டியால் போடுங்கள், நூறு வருடத்துக்கு ஒரு மீட்டர். கி.பி. பக்கம் இன்றுவரை 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், கி.மு. பக்கம் முதல் ஒலிம்பிக் நடந்ததாகச் சொல்லப்படும் 776 வரை ஏழே முக்கால் மீட்டர். எட்டு வயதுப் பிள்ளையின் மொத்த வாழ்க்கையும் அதில் எட்டு சென்டிமீட்டர்தான். அதை அவர்களே அளவுகோல் வைத்துக் குறிக்கும்போது மைதானம் ஒரு கணம் அமைதியாகும், நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். முந்தைய வருடம் ரோமர்களைப் படித்திருப்பார்கள், அந்த ரோமர்கள் பிரிட்டன்மேல் படையெடுத்த கி.பி. 43-ஐயும் குறிக்கச் சொல்லுங்கள். ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் வேலை முடிந்த கி.மு. 432-க்கும் அதற்கும் இடையே நான்கே முக்கால் மீட்டர் நடக்க வேண்டியிருக்கும்.

இதிலேயே கணக்கும் வந்துவிடுகிறது. மாரத்தான் சண்டை நடந்தது கி.மு. 490, ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் நடந்தது 1896, இடையில் எத்தனை வருடம் என்று கேளுங்கள். 2,386 என்பார்கள். விடை 2,385, ஏனென்றால் கி.மு. 1-க்கு அடுத்து நேராகக் கி.பி. 1, நடுவில் பூஜ்யம் என்று ஒரு வருடமே கிடையாது. எண்கோட்டில் பூஜ்யம் இருக்கிறது, காலக்கோட்டில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க விடுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து வரைபடம். மாவு இரண்டு கப், உப்பு ஒரு கப், ஒரு கப்புக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து ஒரு தட்டில் கிரேக்கத்தின் மலைகளைப் பிடித்து வைத்து, காய்ந்த பிறகு நீலத் தண்ணீர் ஊற்றுங்கள். ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு விரலால் நடக்கச் சொன்னால் மலை குறுக்கே நிற்கும், படகில் போகச் சொன்னால் சுலபமாக இருக்கும். ஏன் அது ஒரே நாடாக இல்லாமல் நூற்றுக்கணக்கான தனித்தனி நகர அரசுகளாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை. குளத்தைச் சுற்றித் தவளைகள் போல நாம் கடலைச் சுற்றி வாழ்கிறோம் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார், அதைச் சொல்லிவிட்டு மார்செய்யும் நேப்பிள்ஸும் சிராக்கூஸும் கிரேக்கர்கள் போய்க் குடியேறிய ஊர்கள் என்று அட்லஸில் காட்டினால் விடுமுறைக்குப் போய்வந்த பிள்ளை ஒன்று கண்டிப்பாகக் கையைத் தூக்கும்.

இரண்டாம் வாரம்: பானை

இந்த மக்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கான வாரம் இது. ஒரு கிரேக்கப் பானையின் பெரிய படத்தை எடுத்து முக்கால்வாசியை மூடிவிட்டு, தெரிகிற கால்வாசியில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். "எனக்குத் தெரிகிறது", "நான் ஊகிக்கிறேன்" என்று இரண்டு பத்தி போட்டு எழுத வைத்தால் வரலாற்றுப் பாடத்தின் பாதி வேலை முடிந்தது.

ஓவியத்துக்கு இரண்டு பாணி போதும். பழையது கறுப்பு உருவம்: செம்மண் நிறத்தின்மேல் கறுப்பாக ஆட்கள், உள்கோடுகள் கீறி எடுத்தவை. ஏறக்குறைய கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள், பின்னணி கறுப்பு, ஆட்கள் செம்மண் நிறம், உள்கோடுகள் தூரிகையால். அந்தக் கறுப்பு சாயம் அல்ல, மிக நைசாகக் கரைத்த களிமண்தான், சூளைக்குள் காற்றை விட்டும் அடைத்தும் மாற்றிச் சுடும்போது கறுத்துவிடுகிறது. வகுப்பில் செய்ய: தாள் முழுக்க ஆரஞ்சு நிற மெழுகுக் கிரேயானை அழுத்தித் தேயுங்கள், அதன்மேல் கறுப்பு போஸ்டர் பெயின்ட்டில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து பூசுங்கள் (சோப்பு இல்லாவிட்டால் மெழுகில் ஒட்டாது), இரவு முழுக்கக் காயவிட்டு மறுநாள் மரக் குச்சியால் கீறுங்கள்.

மூன்றும் நான்கும்: ஒரே மனிதனைப் பின்தொடருங்கள்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, நேரம் குறைந்தால் மற்றவற்றை வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். தெமிஸ்டோக்ளீஸ் என்ற ஒரே ஏதென்ஸ்காரரை இரண்டு வாரம் பின்தொடர்ந்தால் ஜனநாயகம், அடிமைத்தனம், கப்பல், போர், கணக்கு எல்லாம் ஒரே கயிற்றில் வந்துவிடும்.

கி.மு. 483 வாக்கில் லாரியோன் சுரங்கத்தில் ஏதென்ஸுக்கு ஏராளமான வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து டிராக்மா (வெள்ளிக் காசு) பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு, வேண்டாம், அந்தப் பணத்தில் கப்பல் கட்டுவோம் என்றார் தெமிஸ்டோக்ளீஸ். 200 கப்பல் என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். வகுப்பையே மன்றமாக்கி இந்தக் கேள்வியை வாக்கெடுப்புக்கு விடுங்கள். ஆனால் வாக்குச்சீட்டை முப்பது பேரில் நான்கைந்து பேருக்கு மட்டும் கொடுங்கள். பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியிருந்தவர்கள், சிறுவர்கள் யாருக்கும் அங்கே வாக்கில்லை. சீட்டு கிடைக்காத பிள்ளைகள் கோபப்படுவார்கள், கோபப்படட்டும், அந்தக் கோபத்தை வைத்தே ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். அதே நாள் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: அந்த வெள்ளியைத் தோண்டியது யார்? பெரும்பாலும் அடிமைகள், குறுகலான இருட்டுச் சுரங்கங்களில். கிரேக்கர்களின் சாதனை என்று சுவரில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது சரியில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று சொல்பவர்களை நான் ஏற்பதில்லை, நியாயம் அநியாயம் பற்றி அந்த வயதைப் போலக் கூர்மையாக எந்த வயதும் யோசிப்பதில்லை.

பிறகு கப்பல். ட்ரைரீம் என்ற அந்தப் போர்க்கப்பலில் 170 துடுப்புக்காரர்கள், மூன்று அடுக்காக: ஒரு பக்கத்துக்கு மேலே 31, நடுவில் 27, கீழே 27. பெருக்கலும் கூட்டலும் அவர்களே செய்து 170 வருகிறதா பார்க்கட்டும். சுமார் 37 மீட்டர் நீளத்துக்கு மைதானத்தில் கோடு போட்டு உள்ளே உட்கார வைத்தால், உங்கள் வகுப்பு மொத்தமும் ஒரு பக்கத்தின் ஒரே வரிசைக்குத்தான் காணும் என்பது அவர்களுக்கு உறைக்கும். எல்லாரும் ஒரே தாளத்தில் துடுப்புப் போட வேண்டும், கப்பலில் அதற்கென்று ஒரு குழல்காரர் இருந்தார், அதனால் தாளம் கற்பிக்கும் இசை வகுப்பை இங்கே கொண்டுவாருங்கள். கி.மு. 480-ல் சலமிஸ் நீரிணையில் இந்தக் கப்பல்கள்தான் படையெடுத்து வந்த பாரசீகக் கடற்படையை மடக்கின.

அப்புறம் என்ன ஆனது? ஊரைக் காப்பாற்றிய அதே மனிதரைச் சில வருடங்களில் ஊரே வெளியேற்றியது. ஏதென்ஸில் வருடத்துக்கு ஒருமுறை, யாரையாவது பத்து வருடத்துக்கு ஊரைவிட்டு அனுப்பலாமா என்று மன்றம் கேட்கும். ஆமென்றால், உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும், குறைந்தது 6,000 ஓடு விழ வேண்டும். இந்தப் பானை ஓட்டுக்குக் கிரேக்கத்தில் ஆஸ்ட்ரகான் என்று பெயர், ஒதுக்கிவைப்பதைக் குறிக்கும் ஆஸ்ட்ரசைஸ் என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. இப்போது துப்பறியும் பாடம்: ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றில் தெமிஸ்டோக்ளீஸ் பெயர் கீறிய ஓடுகள் சுமார் 190 கிடைத்தன, ஆனால் கையெழுத்தை ஒப்பிட்டால் எழுதியவர்கள் 14 பேர்தான். என்ன நடந்திருக்கும்? உங்கள் வகுப்பிலும் இதைச் செய்யலாம். பழைய மண் தொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி வீட்டிலேயே உடைத்து, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கி, முப்பது துண்டுகளில் நான்கு நண்பர்களை மட்டும் வைத்து ஒரே பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். எத்தனை கை என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளைகளை வைத்துப் பிள்ளைகளின் பெயரை எழுத விடாதீர்கள். முதல் வருடம் நான் யோசிக்காமல் அப்படி விட்டுவிட்டேன். ஒரே பையனின் பெயர் ஒன்பது ஓட்டில் வந்தது. அவன் அன்று ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் பேசி, வகுப்போடு பேசி, அது சரியாவதற்குப் பல வாரம் பிடித்தது. இப்போது பிஸ்கட் வகைகளின் பெயரைத்தான் எழுத வைக்கிறேன், பாடம் அதே பாடம்தான்.

ஆங்கில வகுப்பில்

எழுத்துக்களிலிருந்து தொடங்கலாம். கிரேக்கர்கள் எழுத்தைக் கடல் வணிகர்களான ஃபீனீசியர்களிடமிருந்து எடுத்தார்கள், ஆல்ஃபா என்பது அவர்களிடம் காளையைக் குறித்த சொல், பீட்டா வீடு. ஃபீனீசியர்கள் மெய்யை மட்டும் எழுதி உயிரைப் படிப்பவர் வாயில் விட்டுவிடுவார்கள், கிரேக்கர்கள்தான் தங்களுக்குத் தேவைப்படாத சில எழுத்துக்களை உயிரெழுத்துக்களாக மாற்றிக்கொண்டார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் உயிர் இல்லாமல் பலகையில் எழுதி யார் என்று கேளுங்கள், ஐந்தே நிமிடத்தில் உயிரெழுத்தின் அருமை புரிந்துவிடும்.

இயர் 3, 4 எழுத்துக்கூட்டலில் "ககர ஒலிக்கு சி-எச்" என்று ஒரு பட்டியல் வரும்: கோரஸ், கெமிஸ்ட், எக்கோ, கேரக்டர். பிள்ளைகளுக்கு இது எரிச்சல் தருகிற பட்டியல். இவையெல்லாம் கிரேக்கச் சொற்கள், அங்கே இருந்த கி என்ற எழுத்தைத்தான் ஆங்கிலத்தில் இப்படி எழுதுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகிவிடும். எக்கோ ஒரு கதையில் வரும் பெண், அந்தக் கதையையும் அன்றே சொல்லலாம். ஹிப்போபொட்டமஸ் என்றால் ஆற்றுக் குதிரை, ஆக்டோபஸ் எட்டுக் கால், டெலிஃபோன் தூரத்துக் குரல். ஒரு மரம் வரைந்து ஆறு வாரமும் அதில் இப்படிச் சொற்கள் எழுதிய இலை ஒட்டிக்கொண்டே போங்கள்.

கதைகளில் ஒன்றோ இரண்டோ எடுத்து ஆழமாகப் போவது நல்லது. பாதி மனிதன் பாதி காளையான மினோட்டாரும் ஒற்றைக்கண்ணன் பாலிஃபீமஸும் எந்த வகுப்பிலும் தோற்றதில்லை. உலகத்துத் துன்பங்களை வெளியே விட்டதாகக் கதையில் வரும் பண்டோராவிடம் இருந்தது பெட்டியல்ல, பெரிய சாடி. 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற அறிஞர் லத்தீனில் மாற்றும்போது பெட்டியாகிவிட்டது, இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு ரகசியம் கிடைத்த மாதிரி. கதையை முன்கூட்டி நீங்கள் படித்துவிடுங்கள், பெரியவர்களுக்கான விஷயங்கள் நிறைய உண்டு. இன்னொன்று, உங்கள் வகுப்பில் கோயிலுக்கும் மசூதிக்கும் சர்ச்சுக்கும் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். அந்த மக்கள் உண்மையாகக் கும்பிட்ட கடவுள்கள் இவர்கள் என்ற மரியாதையோடு பேசுங்கள்.

கணக்கு

என் கையில் இருப்பதிலேயே சிறந்த கேள்வி இதுதான். பார்த்தினானின் முன்பக்கம் 8 தூண், பின்பக்கம் 8, பக்கவாட்டில் 17, 17. வெளிச்சுற்றில் மொத்தம் எத்தனை? 50 என்று கத்துவார்கள். எண்ணிப் பார்த்தால் 46. மூலைத் தூண் நான்கையும் இரண்டு தடவை எண்ணியிருக்கிறார்கள். பாட்டில் மூடிகளை வைத்து அவர்களே அடுக்கிப் பார்க்கட்டும், சொல்லிக் கொடுக்காதீர்கள்.

எண்களும் அழகு. ஏதென்ஸில் பென்டே (ஐந்து) என்ற சொல்லின் முதலெழுத்தே 5, டெகாவின் முதலெழுத்தே 10. ரோமன் எண் வருகிற வாரத்தில் இதைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் வீட்டு எண்ணை எழுதச் சொல்லுங்கள். நம் பழைய தமிழ் எண்களிலும் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி உண்டு, தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் அதையும் காட்டலாம். பென்டகன், ஹெக்ஸகன், ஆக்டகன் எல்லாம் இதே எண்கள்தான்.

ஓட்டமும் ஒலியும்

ஒலிம்பியாவின் ஓட்டப்பாதை 600 அடி, சுமார் 192 மீட்டர், புராண வீரன் ஹெராக்ளீஸ் தன் பாதத்தால் அளந்தது என்று கதை. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையை 600 பாதம் அடிமேல் அடி வைத்து அளக்கச் சொன்னால் 120 மீட்டர் போலத்தான் வரும், அப்படியானால் ஹெராக்ளீஸின் பாதம் எவ்வளவு நீளம்? நீளம் தாண்டுகிறவர்கள் கையில் எடை வைத்துக்கொண்டு தாண்டினார்கள். பாதி நிரப்பிய சின்னத் தண்ணீர் பாட்டில்களோடும் இல்லாமலும் நின்ற இடத்திலிருந்து தாண்டி அளந்தால் அது அறிவியல் பரிசோதனையும் ஆகிவிடும். பெண் பிள்ளைகள் "எங்களுக்கு?" என்று கேட்பார்கள். ஒலிம்பியாவிலேயே ஹேரா என்ற பெண் தெய்வத்துக்காகப் பெண்களுக்குத் தனி ஓட்டப்பந்தயம் இருந்தது என்றும், கி.மு. 396-ல் ஸ்பார்ட்டாவின் கினிஸ்கா தன் தேர்க் குதிரைகளால் ஒலிம்பிக்கில் வென்றார் என்றும் சொல்லுங்கள். குதிரைச் சொந்தக்காரருக்குத்தான் வெற்றி, அதனால் அவர் நேரில் ஓட்டத் தேவைப்படவில்லை.

ஒலிப் பாடத்துக்குக் கிரேக்கத்தின் எபிடாரஸ் திறந்தவெளி நாடக அரங்கம். ஏறக்குறைய 14,000 பேர் உட்காரலாம், மைக் கிடையாது. புல்வெளிச் சரிவு கிடைத்தால் ஒரு பிள்ளை கீழே நின்று ஒரே வரியைச் சொல்ல, மற்றவர்கள் தூரம் தூரமாக நகர்ந்து எங்கே கேட்காமல் போகிறது என்று குறிக்கட்டும், பிறகு தாள் கூம்போடு மறுபடி.

சாப்பாட்டுக்கு ஆலிவ், ஃபெட்டா பாலாடைக்கட்டி, அத்திப்பழம், தேன், ரொட்டி. தக்காளி, உருளைக்கிழங்கு வேண்டாம், அவை அமெரிக்காவிலிருந்து பல நூற்றாண்டு கழித்து வந்தவை. ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். உடைக்குக் கடையில் காசு செலவழிக்க வைக்காதீர்கள். கிரேக்க உடை தைக்காத செவ்வகத் துணிதான், வேட்டியும் புடவையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அதை இரண்டு நிமிடத்தில் கட்டிவிடும்.

மிளகைப் பற்றியும் ஒரு வார்த்தை. யவனர், அதாவது கிரேக்க, ரோம வணிகர், பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாட்டு சொல்கிறது. அந்த முசிறி வணிகம் பற்றிக் கிரேக்க மொழியில் எழுதிய ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) வியன்னாவில் இருக்கிறது, கப்பலின் பெயர் ஹெர்மப்போலன். இது பார்த்தினான் காலமல்ல, ரோமப் பேரரசின் காலம், காலக்கோட்டில் சரியான இடத்தில் குறியுங்கள். ஆனால் நான்கு மிளகை மேசைமேல் வைத்துவிட்டு இதைச் சொன்னபோது, அதுவரை பேசாத ஒரு தமிழ்ப் பிள்ளை முசிறி எங்கே என்று உலக வரைபடத்தில் தேட எழுந்து வந்தது.

கடைசி வாரம்: அருங்காட்சியகம், விவாதம்

லண்டனுக்கு வந்துபோகும் தூரத்தில் இருந்தால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப் போங்கள், நுழைவு இலவசம், பள்ளிக் குழுவுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் காட்ட நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரே ஒரு பொருள், பதினைந்து நிமிடம் உட்கார்ந்து வரையட்டும். பார்த்தினான் சிற்பங்கள் இருக்கும் 18-ஆம் அறையைக் கடைசியாக வையுங்கள், மறுநாள் விவாதம் அதைப் பற்றித்தான்: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு கொண்டுவந்தவை, 1816-ல் அரசாங்கம் 35,000 பவுனுக்கு வாங்கியவை, கிரேக்கம் திருப்பிக் கேட்கிறது, 2009-ல் ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகமும் திறந்தாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பேச்சுக்கு நேரம் வைக்க ஏதென்ஸ் நீதிமன்றத்தைப் போலத் தண்ணீர்க் கடிகாரம் செய்யுங்கள். அங்கே கிடைத்த ஒன்று சுமார் ஆறு நிமிடத்தில் காலியாகும், உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டு, எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் சரியாக ஒரு நிமிடம் என்று முந்தின நாளே பிள்ளைகள் சோதித்துக் கோடு போட்டு வைக்கட்டும். கீழே வாளி வைக்க மறக்காதீர்கள், பக்கத்தில் ஒரு பழைய துண்டும்.

உங்கள் கருத்தை முன்பே சொல்லிவிடாதீர்கள். எல்லாரும் பேசி முடித்ததும் ஆளுக்கு ஓர் ஓடு கொடுங்கள், இந்தத் தடவை முப்பது பேருக்கும்.